நூறு ரூபாய் வெட்டு

கொரங்காட்டுப் புல் வெளுத்து
முருங்கைக்காய் விலை சரிகிற மாசத்தில்
வருஷம் தவறாமல் நான் டைப் அடிக்கும் வாக்கியம் இது:
"மருத்துவம், மக்கள் நல்வாழ்வுக்கான
மானியத் தொகையில்
ரூபாய் நூறு குறைக்கப்பட வேண்டும்."
கீழே காரணம், இரண்டு வரிக்கு மிகாமல்.
அதற்கும் கீழே எம்.எல்.ஏ. நாட்ராயனின் கையெழுத்து.
பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி
புள்ளியைக்கூட அழுத்தித்தான் வைப்பார்.

எக்ஸ்ரே மெசின் உறை பிரிக்காமல் கிடந்தது ஒரு வருஷம்.
ராத்திரி எட்டுக்கு மேல் விரியன் கடித்தால்
மருந்து அலமாரிச் சாவி தாராபுரம் பஸ்ஸில் போயிருப்பது
இன்னொரு வருஷம்.
பிணவறைக்கு ஐஸ் பெட்டி.
மில்லுக்குப் போகும் பிள்ளைகளின் ரத்தசோகைக்கு
ஊர் ஊராய் எண்கள் சேர்த்துக் கொடுத்தேன்.
அன்றைக்குக் கிடைத்தது மூன்று நிமிஷம்,
அதில் ஒன்று தலைவரைப் பாராட்டப் போயிற்று.

மணியடிக்கும்.
ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க.
இல்லை என்போரே அதிகம்.
மாடத்தில் உட்கார்ந்து அந்த இல்லையைக் கேட்பேன்.
மூலனூர் ஆஸ்பத்திரிச் சன்னல் கம்பிக்குப் பின்னாலும்
இதே சொல்தான்.
அங்கே ஒருத்தி அலுத்துப்போய்ச் சொல்வாள்.
இங்கே நூற்றைம்பது பேர், உற்சாகமாக.

போன வருஷம் பேப்பர்காரர்
வாக்கியத்தைப் போட்டார், காரணத்தை விட்டுவிட்டார்.
கன்னிவாடி ஆட்டுச் சந்தையில் வண்டியை மறித்தார்கள்.
"ஏனுங்க, ஆஸ்பத்திரிக் காசைக் கொறைக்கச் சொன்னீங்களாமா?"
நாட்ராயன் இறங்கி நின்று விளக்கினார்:
"கொறைக்கச் சொன்னாத்தானுங்க
அங்க கொறையச் சொல்லவே உடுவாங்க."
யாருக்கும் பிடிபடவில்லை.
எனக்கே பிடிபட ஒரு வருஷமாயிற்று.

குட்டியைக் கக்கத்தில் இடுக்கி நின்றவள்
(ராமாத்தாள் என்று பிற்பாடு விசாரித்தேன்)
சொன்னாள்:
"அந்த நூறத்தான் வாசல்லயே வாங்கிட்டாங்களே.
எங்கூட்டுக்காரரைத் தள்ளுவண்டில போட்டு
ரெண்டாம் வார்டுக்குத் தள்ளறதுக்கு."
கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

திரும்பும் வழியெல்லாம்
கிளுவை வேலி கூடவே ஓடிவந்தது.
"தள்றவன் ஆருன்னு கேளு" என்றார்.
சஸ்பெண்ட் ஆர்டருக்கு என்று நினைத்தேன்.
ஒன்றியச் செயலாளர் போட்டோவுக்கே ஆள் சொல்லிவிட்டார்.

ஆள் பேர் வீரக்குமார்.
ஒப்பந்தக் கம்பெனி.
எட்டாயிரம் என்று கையெழுத்து,
கையில் ஆறாயிரத்து இருநூறு.
தை வரவில்லை, மாசி வரவில்லை.
ராத்திரி முழுக்க மூன்று வார்டுக்கும் அவன் ஒருத்தன்.
"வாங்கறது தப்புத்தானுங்க" என்றான்.
கொஞ்சம் நிறுத்தி,
"வாங்கறனுங்க."

இந்த வருஷம் காரணம் எழுத உட்கார்ந்தபோது
நாட்ராயன் வாய்விட்டுச் சொல்லச் சொல்ல அடித்தேன்:
ஒப்பந்தப் பணியாளர்களுக்கு
மாதச் சம்பளம் வழங்கத் தவறியமை.
"ராமாத்தாளோட நூறுங்க?"
"ரெண்டு வரிதான இருக்குது."

ஆபீசில் அதற்குப் பெரிய சத்தம்.
ஓட்டுப் போட்டவளை விட்டுவிட்டு
கை நீட்டினவனுக்கா பேசுவது என்றார்கள்.
அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்,
ஆறிய பிறகும்.

சபையில் இரண்டு நிமிஷம். மணி.
இல்லை என்போரே அதிகம்.
மானியம் நூறு ரூபாய்கூடக் குறையாமல் நிறைவேறியது.

ராமாத்தாள் கொடுத்த மனு என் மேசையில் இருக்கிறது.
ஓரத்தில் 'அடுத்த வருஷம்' என்று எழுதி
புள்ளி வைத்திருக்கிறார்.
அடியிலிருந்த தாளிலும் பதிந்திருக்கிறது.
அது கரண்ட் பில்.